எழுநூற்று அறுபது பவுண்டு மாடு

தானமாக வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது எண்ணூறு பவுண்டு சொன்ன மாடு.
முந்நூற்று நாற்பது கிலோ வார்ப்பிரும்பு,
டாட்மோர்டனில் ரயில் பாலத்தை ஒட்டிய பட்டறையில்
பச்சைப் பெயின்ட் உரிந்து நின்றிருந்தது.
மரம் இழைக்கும் மெஷின்.

ஜீனெட் ஹோல்ட்ராய்ட் இதை விற்பதில்
சோகக் கதை ஏதுமில்லை.
படிக்கட்டு செய்கிறவள்,
இதைவிட அகல வாய் ஒன்று வாங்கிவிட்டாள்.
புதியது பக்கத்திலேயே நின்றது,
பாலிதீனைக்கூடப் பிரிக்காமல்.

நான் எலும்புகளைப் படமெடுக்கிறவள்.
மூச்சைப் பிடியுங்கள், விடுங்கள்.
நாள் முழுக்க இதே பேச்சு.
மயிரிழை விரிசல் எங்கே போய் ஒளியும் என்று
கண்ணுக்குப் பழக்கம்.
மேசைக்கு அடியில் டார்ச் அடித்துக் குனிந்தேன்.
பிறகு, பானை வாங்குகிறவள் மாதிரி
விரலை மடக்கித் தட்டினேன்,
இந்தப் பக்கம்,
அந்தப் பக்கம்.
"என்ன சொல்கிறது?" என்றாள் ஜீனெட்,
தேநீரை ஊதிக்கொண்டே.
"உடம்பில் உடைசல் இல்லையாம்."

"வீட்டில் மும்முனை மின்சாரம் இருக்கிறதா?"

சிரித்துவிட்டேன்.
உசிலம்பட்டிப் பக்கம் பம்புசெட்டுக்கு
ராத்திரி ரெண்டு மணி வரை விழித்திருப்பார்கள் அதற்காக.
கீத்லியில் என் வரிசை வீட்டுக்கு
கரன்ட் போவதே இல்லை.
ஆனால் ஒரே முனை.
மாற்றித் தரும் பெட்டி தனியே நூற்றெழுபது.
கையிலேயே எழுதிக்கொண்டேன்,
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி.

ஓர் ஆஷ் பலகையை உள்ளே விட்டாள்.
காது அடைத்துத் திறந்தது.
பால் ஏடு போல வெளியே வந்த பலகையில்
நீளவாக்கில் ஒரு கோடு.
பார்த்தால் இல்லை,
விரல் வைத்தால் உண்டு,
ஒட்டிக்கொண்ட நூல் மாதிரி.
எப்போதோ யாரோ கவனிக்காமல் விட்ட ஆணி.
மூன்று அலகிலும்
ஒரே இடத்தில் பொக்கை.

"பல் போன மாடு" என்றேன் தமிழில்.
ஆங்கிலத்தில், எழுநூறு.
அவள் எழுநூற்று எண்பது.
நான் பலகையை அவள் விரலடியில் வைத்தேன்.
தகரக் கூரையில் மழை கொஞ்சம் பேசியது,
நாங்கள் பேசவில்லை.
எழுநூற்று அறுபது.

கொழுந்தன் ஒச்சப்பன் மளிகைக் கடை வேனோடு வந்தான்,
கொத்தமல்லியும் மீன் பெட்டியும் மணக்க.
ஏற்றியதும் வேன் உட்கார்ந்துவிட்டது.
ஆக்ஸன்ஹோப் மேட்டில் இரண்டாம் கியர்,
பின்னால் பதினொரு கார்கள்.
"இந்தக் காசுக்கு ஒரு கட்டில் வாங்கியிருக்கலாம், அண்ணி."
"கட்டில் செய்யத்தானே இது."
"ஒரு கட்டில் வாங்கியிருக்கலாம்."

மூன்றாம் நாள் ராத்திரி, ஷிப்ட் முடிந்து வந்து
யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.
பிளக்கைப் பிடுங்கினேன். தடித்த கையுறை.
ஓர் அலகின் திருகுகளை மட்டும் தளர்த்தி
எள்ளளவு இடப்பக்கம் தள்ளினேன்,
மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே.
இப்போது ஒன்றின் பொக்கைக்கு
இன்னொன்றின் பல்.

அதே பலகை.
விரல் வைத்தேன்.
கண்ணை மூடி வைத்தேன்.
நம்பாமல் மறுபடி உள்ளே விட்டேன், மறுபடியும்,
பலகை அப்பளம் ஆகி
எதற்கும் உதவாமல் போகும் வரை.
பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.
அந்தச் சுவரிலும் விரிசல் இல்லை.

பெருமை தாங்காமல் ஜீனெட்டுக்குப் படம் அனுப்பினேன்,
செய்த வேலையையும் எழுதி.
காலையில் பதில் கிடந்தது:

"நாலு வருஷம் அந்தக் கோட்டைக்
கையால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன்.
நாற்பதை அனுப்பு."

மாட்டை விற்றவள் கயிற்றுக்குக் காசு கேட்கிறாள்.
ஒரு பென்னிகூடக் கொடுக்காதே என்கிறான் ஒச்சப்பன்.

இருபது அனுப்பினேன்.